இடைக்கால ஐரோப்பியக் குத்துவாளுக்கு வயது பார்ப்பது எப்படி?

1545-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கடலில் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ் மூழ்கியது. 437 ஆண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் 11-இல் அதன் உடலை மேலே தூக்கினார்கள். கப்பலுக்குள் கிடைத்த ஆயிரக்கணக்கான பொருள்களில் 60-க்கும் மேற்பட்ட குத்துவாள் பிடிகளும் இருந்தன. பெரும்பாலும் பிடிகள் மட்டும்தான். மரம் அப்படியே இருந்தது. பல இடங்களில் தோல் உறைகூடத் தப்பியிருந்தது. இரும்பு அலகுகளைத்தான் உப்புநீர் தின்றுவிட்டிருந்தது.

தேம்ஸ் ஆற்றின் கறுப்புச் சேற்றில் கதை வேறு. அந்தச் சேற்றுக்குள் காற்று புகாது. காற்றில்லாமல் துரு பிடிக்காது. அதனால் 600 ஆண்டுகள் புதைந்து கிடந்த அலகுகூட நீலமும் கறுப்புமான ஒரு மெருகோடு, விளிம்பு கெடாமல் வெளியே வருகிறது. சாதாரண வயல் மண்ணில் புதைந்ததோ வெறும் துருக்கட்டியாக வரும். அதன் பிடி எப்போதோ மக்கிப் போயிருக்கும்.

குத்துவாள் என்று ஒற்றைப் பெயரில் சொல்கிறோமே தவிர, அது அலகு, பிடி, உறை என்ற மூன்றின் கூட்டு. இடைக்கால லண்டனில் இவற்றைச் செய்தவர்களும் தனித்தனி ஆட்கள்தான். அலகு அடிக்கும் கொல்லர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர், உறை தைப்பவர் ஒருவர். இவற்றை வாங்கிச் சேர்த்துக் கடையில் விற்றவர் கட்லர் எனப்பட்டார். லண்டன் கட்லர்களின் சங்கத்துக்கு 1416-இலேயே அரச சாசனம் கிடைத்தது. தனித்தனியாகப் பிறந்த அந்த மூன்றும் தனித்தனியாகவே வயதாகின்றன, தனித்தனியாகவே மாற்றப்படுகின்றன. ஆகவே "இந்தக் குத்துவாள் எந்த ஆண்டுடையது?" என்று யாராவது கேட்டால், "எந்தப் பாகத்தைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். புதிதாக இந்தத் துறைக்குள் வருபவருக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. பத்தாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். "பதினைந்தாம் நூற்றாண்டு ராண்டல் குத்துவாள்" என்று சீட்டு கட்டியிருந்தார். ராண்டல் என்பது குத்துவாளில் ஒரு வகை, அதைப் பின்னால் விளக்குகிறேன். மொத்த நீளம் 34 சென்டிமீட்டர். கரும்பழுப்பு அலகு, ஒரு பக்கம் மட்டும் கூர், மறுபக்கம் தடித்த முதுகு. கறுத்த மரப்பிடி, அதன் மேலும் கீழும் பித்தளைத் தட்டு ஒவ்வொன்று. சீட்டில் இருந்ததை நான் நம்பினேன். அதில் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்பதை இந்தக் கட்டுரையின் போக்கிலேயே சொல்கிறேன்.

முதலில் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் இடைக்காலம் என்பது ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1500 வரை. அதன் முற்பாதியில் மக்கள் இடுப்பில் இருந்தது பெரும்பாலும் சாக்ஸ் எனப்படும் ஒற்றைக்கூர்க் கத்தி. வேலைக்கும் அதுதான், சண்டைக்கும் அதுதான். குத்துவதற்கென்றே செய்து இடுப்பில் தொங்கவிட்ட குத்துவாள் பரவலாவது 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து. சேகரிப்பாளர்கள் இடைக்காலக் குத்துவாள் என்று பேசும்போது அநேகமாக 1300-க்கும் 1550-க்கும் இடைப்பட்டவற்றையே பேசுகிறார்கள்.

அலகை மட்டும் பார்த்து வயது சொல்வது கடினம். கூரான ஓர் இரும்புப் பட்டை எல்லா நூற்றாண்டிலும் கூரான இரும்புப் பட்டைதான். பிடி அப்படியில்லை. அது உடையோடும் கவசத்தோடும் சேர்ந்து மாறியது. அதனால்தான் குத்துவாள்களுக்குப் பிடியை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

ராண்டல் என்ற பெயர் வட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கைக்குக் காவலாக அலகுப் பக்கம் ஒரு வட்டத் தட்டு, பிடியின் தலையில் இன்னொன்று. 14-ஆம் நூற்றாண்டில் உருவாகி 15-ஆம் நூற்றாண்டு முழுவதும் வீரர்களின் இடுப்பில் இருந்தது இதுதான். தட்டுகள் இரும்பு, பித்தளை, மரம், கொம்பு என எதிலும் இருக்கும். சில சமயம் இவற்றை அடுக்கி ரிவெட் அடித்திருப்பார்கள். இந்தத் தட்டுகளின் பயன் புரிய வேண்டுமானால், ஒரு தடித்த மரக்குச்சியை முனை கீழ்நோக்கி இருக்கும்படி முஷ்டிக்குள் பிடித்து மேசையில் ஓங்கிக் குத்துவதாக நினைத்துப் பாருங்கள். கை வழுக்கிக் கீழே இறங்கும். மேலும் கீழும் தட்டு இருந்தால் முஷ்டி நடுவில் பூட்டியதுபோல நிற்கும். 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இத்தாலியில் எழுதப்பட்ட சண்டைப் பயிற்சிச் சுவடிகளில் வீரர்கள் குத்துவாளை இப்படித்தான் பிடித்திருக்கிறார்கள்.

அவ்வளவு பலமாகக் குத்த வேண்டிய தேவை ஏன் வந்தது? வளையங்களைக் கோத்துச் செய்த கவசத்துக்குப் பதிலாக 14-ஆம் நூற்றாண்டில் இரும்புத் தகட்டுக் கவசம் படிப்படியாக உடலை மூடிக்கொண்டது. வாளால் வெட்டிப் பயனில்லை. அக்குள், முகமூடியின் இடுக்கு, தொடை சேரும் இடம் ஆகியவைதான் மிச்சம் இருந்த வழிகள். அந்த இடுக்குகளில் வளையாமல் இறங்க அலகு அகலம் குறைந்து, தடித்து, முக்கோணமாகவோ சாய்சதுரமாகவோ ஆனது. இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் 1485-இல் போஸ்வொர்த் போரில் இறந்தார். 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் அவரது எலும்புக்கூடு கிடைத்தது. சாவு நேரத்தில் விழுந்த 11 காயங்கள் அதில் இருந்தன, அவற்றில் 9 தலையில். கன்னத்தெலும்பில் உள்ள சிறு துளை குத்துவாளால் விழுந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அழகாகத் தெரியும் ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அந்தத் துளை மறக்க விடுவதில்லை.

மேரி ரோஸில் கிடைத்த பிடிகள் வேறு குடும்பம். அலகும் பிடியும் சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உருண்டைகள். நடுவில் நிமிர்ந்து நிற்கும் பிடி. ஆணின் குறியையும் விரைகளையும் ஒளிவுமறைவின்றிக் காட்டும் வடிவம் அது. அதன் ஆங்கிலப் பெயரான பாலக் குத்துவாளுக்கும் விரைக் குத்துவாள் என்றே பொருள். இடைக்கால மக்களுக்கு இதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இடுப்பு வாரில் பணப்பையோடு சேர்த்து முன்பக்கத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டார்கள். 1340-களை ஒட்டி மேற்கு ஐரோப்பாவில் ஆண்களின் அங்கி குட்டையாகி உடலை இறுக்கிப் பிடித்தபோது இந்த மோஸ்தர் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கூச்சப்பட்டவர்கள் விக்டோரியா ராணி காலத்து அறிஞர்கள். அவர்கள் இதற்குச் சிறுநீரகக் குத்துவாள் என்று புதுப்பெயர் வைத்தார்கள். இன்றும் பழைய விற்பனைப் பட்டியல்களில் கிட்னி டாகர் என்ற பெயரைப் பார்க்கலாம். அந்தப் பெயர் பொருளின் வயதைச் சொல்லாது, சீட்டு எழுதியவரின் காலத்தைச் சொல்லும். அதுவும் ஒரு தகவல்தான், குறித்து வையுங்கள்.

இந்தக் குடும்பத்தின் ஆயுள் மிக நீளம். 1300-ஐ ஒட்டித் தோன்றி, மேரி ரோஸ் மூழ்கிய காலத்தையும் தாண்டி, உருண்டைகள் மெல்லச் சிறுத்து, கடைசியில் ஸ்காட்லாந்தின் டர்க் எனும் மலைநாட்டுக் கத்தியாக உருமாறியது. பிடிக்குப் பெரும்பாலும் பாக்ஸ் மரம். இழை நெருக்கமான, வெளிர்மஞ்சள் நிற, கனத்த மரம் அது. செதுக்கினால் தந்தம் மாதிரி வழவழப்பு வரும். இது வீரர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வணிகர், மாலுமி, கூலிக்காரர் என எல்லோரிடமும் இருந்தது. 1388-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள்: வேலைக்காரர்களும் உழவுக் கூலிகளும் வாள், கைக்கேடயம், குத்துவாள் எதுவும் வைத்திருக்கக் கூடாது. தடை போட வேண்டியிருந்தது என்றால் அவர்கள் வைத்திருந்தார்கள் என்றுதானே பொருள்!

பேசலார்டு என்பது மூன்றாவது. பேசல் என்ற சுவிஸ் நகரத்தின் பெயர் இதில் ஒட்டியிருக்கிறது. பிடியின் மேலும் கீழும் குறுக்குச் சட்டம், நடுவில் தண்டு. படுக்க வைத்துப் பார்த்தால் ஆங்கில எழுத்து எச், நிமிர்த்தினால் ஐ. 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதன் வாரிசான 16-ஆம் நூற்றாண்டுச் சுவிஸ் குத்துவாள்களின் பொன்முலாம் பூசிய உறைகளில் மரண நடனம் போன்ற காட்சிகளை வார்த்திருப்பார்கள். பேசலில் வாழ்ந்த ஓவியர் ஹோல்பைனின் பெயரால் அவற்றை அழைப்பதும் உண்டு.

சிறிய வாளைப் போலக் குறுக்குக் கம்பி வைத்த குத்துவாள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது, இடைக்காலம் முடிந்த பிறகும் இருக்கிறது. அதனாலேயே வயது சொல்ல மிகச் சிரமமானது. புதியவர்கள் அதில் தொடங்க வேண்டாம். பிடித் தலையில் இரண்டு காதுகள் விரிந்து நிற்கும் காதுக் குத்துவாள் ஸ்பெயினின் கிரனாடாவில் இருந்த முஸ்லிம் அரசவைப் பட்டறைகளிலிருந்து ஐரோப்பாவின் பிற பகுதிகளுக்குப் போனது. வட இத்தாலியின் சிங்குவெடேயாவுக்கு ஐந்து விரல் என்று பொருள். பிடியருகே அலகு அவ்வளவு அகலம். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செல்வர்கள் விரும்பி வாங்கியது. அலகு முழுக்க அமிலத்தால் பொறித்த சித்திரம் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இதைப் போல அதிகம் போலி செய்யப்பட்டவை குறைவு.

மிசரிகோர்டு என்ற பெயரையும் அடிக்கடி கேட்பீர்கள். கருணை என்று பொருள். பிழைக்க வழியில்லாமல் கிடக்கும் வீரனின் வேதனையை முடித்து வைப்பது என்ற எண்ணத்தில் வந்த பெயர். இது வேலையைச் சொல்லும் பெயர், வடிவத்தை அல்ல. சீட்டில் வெறுமனே மிசரிகோர்டு என்று எழுதியிருந்தால் அதைக் கொண்டு பிடியையோ காலத்தையோ தீர்மானிக்க முடியாது.

சரி, இந்தப் பிடி இந்த நூற்றாண்டுக்குரியது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பிடிகளில் ஆண்டு பொறிக்கவில்லையே. இங்கேதான் எனக்கு இந்தத் துறையின் மீது ஆசை பிறந்தது.

முதல் சாட்சி, இறந்தவர்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பிரபுக்களின் கல்லறைமேல் அவர்களது உருவத்தைக் கல்லிலோ பித்தளைத் தகட்டிலோ முழு ஆயுதங்களோடு செய்து வைத்தார்கள். பக்கத்திலேயே இறந்த ஆண்டு இருக்கும். நூற்றுக்கணக்கான உருவங்களை ஆண்டு வரிசையில் அடுக்கினால், வலது இடுப்பில் தொங்கும் குத்துவாள் எப்படி மாறியது என்பது ஒரு நாட்காட்டியைப் போலத் தெரிய வரும். 14-ஆம் நூற்றாண்டில் சில காலம், சண்டையில் கைநழுவாதிருக்க வாளையும் குத்துவாளையும் மார்புக் கவசத்தோடு சங்கிலியால் கட்டியிருந்தார்கள் என்பதுகூட இந்தச் சிலைகள் சொன்னதுதான்.

ஆனால் சிலையும் தவறான ஆண்டைச் சொல்லும். சர்ரே மாவட்டத்தில் ஸ்டோக் டாபர்னான் என்ற ஊரின் தேவாலயத்தில் சர் ஜான் டாபர்னான் என்ற வீரரின் பித்தளைத் தகடு இருக்கிறது. அது 1277-இல் இறந்த ஜானுடையது, இங்கிலாந்திலேயே மிகப் பழைய தகடு என்று நெடுங்காலம் நம்பினார்கள். அதே பெயரில் அவருக்கு ஒரு மகன் இருந்தார். அவர் இறந்தது 1327-இல். தகடு 1320-களைச் சேர்ந்தது என்றே இன்று கருதப்படுகிறது. அதை 1277 என்று நம்பிய காலத்தில், அதோடு ஒப்பிட்டு வயது சொன்ன கவசங்களும் ஐம்பது ஆண்டு பின்னுக்குப் போயிருக்கும். ஒரு தவறான தேதி தனியாக நிற்பதில்லை, பத்தைக் கூட்டிக்கொண்டு போகும்.

இரண்டாவது சாட்சி, ஓவியர்கள். அவர்கள் பைபிள் கதைகளை வரைந்தபோதும் பாலஸ்தீனத்தின் பழைய உடையை வரையவில்லை. தங்கள் தெருவில் நடமாடியவர்களையே வரைந்தார்கள். நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில், 1240-களில் பிரான்சில் வரைந்ததாகக் கருதப்படும் ஒரு சித்திரச் சுவடி இருக்கிறது. தாவீதும் சவுலும் அதில் பிரெஞ்சு வீரர்களின் வளையக் கவசத்தில் போரிடுகிறார்கள். வரலாற்றுப் பார்வையில் அது பிழை. நமக்கோ அது வரம்: ஓவியர் தன் காலத்து ஆயுதத்தை அப்படியே பதிவு செய்து வைத்துவிட்டார்.

மூன்றாவது, மண். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இடைக்கால லண்டன் தேம்ஸுக்குள் மெல்ல மெல்ல வளர்ந்தது. கரையில் மரத்தடுப்பு கட்டுவார்கள். அதன் பின்னால் ஊர்க் குப்பையைக் கொட்டி நிரப்புவார்கள். தடுப்பு பழுதானால் இன்னும் சில அடி ஆற்றுக்குள் தள்ளிப் புதிய தடுப்பு, மறுபடி குப்பை. 1970-களிலும் 80-களிலும் டிரிக் லேன், பில்லிங்ஸ்கேட் போன்ற இடங்களில் தோண்டியபோது இந்தத் தடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மரத்தின் வளையங்களை எண்ணி, அகலம் குறுகலாக வரும் ஆண்டுகளின் வரிசையைத் தெரிந்த வரிசையோடு பொருத்தினால், பட்டை ஒட்டியிருக்கும் மரம் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்றே சொல்லிவிடலாம். அந்தத் தடுப்புக்குப் பின்னால் கிடந்த கத்தியும் உறையும் ஏறத்தாழ அந்தக் காலத்தில் தூக்கி எறியப்பட்டவை.

எறிந்த காலம் என்பதைக் கவனியுங்கள். மேரி ரோஸின் பிடி எதுவும் 1545 ஜூலை 19-க்குப் பிறகு செய்யப்பட்டிருக்க முடியாது, இது உறுதி. ஆனால் ஒரு மாலுமி தன் தாத்தாவின் குத்துவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கப்பலேறியிருக்கலாம். மண்ணும் கடலும் தருவது கடைசித் தேதி. பிறந்த தேதியை அதற்கு முன்னால் எங்கோ தேட வேண்டும்.

தேதி ஒன்று சரியாகக் கிடைத்தால் எத்தனை பெரிய கதையையும் அது சாய்த்துவிடும். 1381 ஜூன் 15-இல் உழவர் கிளர்ச்சித் தலைவர் வாட் டைலரை லண்டன் மேயர் வில்லியம் வால்வொர்த் ஸ்மித்ஃபீல்டில் வெட்டி வீழ்த்தினார். லண்டன் நகரச் சின்னத்தில் உள்ள குறுவாள் அந்த மேயருடையது என்று மக்கள் பல தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் அந்த வாளைத் தாங்கிய நகர முத்திரை பயன்பாட்டுக்கு வந்தது 1381 ஏப்ரல் 17-இல். சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பே! அது லண்டனின் காவல் புனிதரான பவுலின் வாள். குடும்பக் கதையோடு வரும் எந்தக் குத்துவாளைக் கண்டாலும் இந்த இரண்டு மாதம் எனக்கு நினைவுக்கு வரும்.

இனி ஆய்வகம். எக்ஸ்ரே எடுத்தால் பிடிக்குள் நுழையும் இரும்பு வால் தெரியும். பழைய வேலையில் அந்த வால் பிடியின் தலைவரை போய், நுனியைத் தட்டி மழுக்கிப் பூட்டியிருப்பார்கள். அல்லது இருபுறமும் மரத்துண்டு வைத்து ஆணி அடித்திருப்பார்கள். வால் நடுவில் ஒட்டவைத்திருந்தாலோ, திருகாணி மரை இருந்தாலோ பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது என்று பொருள். மென்மையான இரும்பில் எஃகு விளிம்பைச் சூடாக்கி இணைத்திருந்தால் அந்த இணைப்புக் கோடும் எக்ஸ்ரேயில் தெரியலாம்.

பித்தளை இன்னும் நல்ல சாட்சி. இடைக்கால ஐரோப்பாவில் தனித் துத்தநாகம் எடுக்கத் தெரியாது. செம்பையும் துத்தநாகத் தாதுவையும் கரியோடு மூடிய பானையில் சுட்டுப் பித்தளை செய்தார்கள். அந்த முறையில் துத்தநாகம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல் ஏறுவது கடினம். துத்தநாகத்தைக் காய்ச்சி வடிக்கும் முறைக்கு இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் காப்புரிமை பெற்றது 1738-இல். ராஜஸ்தானின் ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தத் தொழில் நடந்துகொண்டிருந்தது. ஆகவே இடைக்கால ஐரோப்பியப் பித்தளை என்று சொல்லப்படும் ஒன்றில் 35 சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். என் குத்துவாளின் தட்டுகளை, பொருளைக் கீறாமல் எக்ஸ்ரே கதிரால் உலோகம் அளக்கும் கருவியில் ஒரு நண்பர் வைத்துப் பார்த்தார். திரையில் 37 என்று வந்தது. வாங்கிய நாளிலிருந்து என் மனத்தில் இருந்த சித்திரம் அந்த ஓர் எண்ணில் மாறிப்போனது.

மரப்பிடிக்குக் கார்பன் ஆய்வு செய்யலாமே என்று பலரும் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் 14-ஆம் நூற்றாண்டில் அது காலை வாரும். காற்றில் இருந்த கதிரியக்கக் கார்பனின் அளவு அந்த நூற்றாண்டில் ஏறி இறங்கியதால், ஒரே அளவீடு நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் பொருந்தும், முடிவுக்கும் பொருந்தும். அதோடு அது சொல்வது மரம் வளர்ந்த காலத்தை, செதுக்கிய காலத்தை அல்ல. பழைய மரத்தில் புதுப்பிடி செதுக்கியவர்கள் உண்டு.

போலி என்றதும் எல்லாமே நேற்றுச் செய்தவை என்று நினைக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியருக்கு இடைக்காலத்தின்மேல் பெரும் மோகம் பிறந்தது. 1839-இல் ஸ்காட்லாந்தின் எக்லிண்டன் கோட்டையில் பிரபுக்கள் கவசம் பூண்டு குதிரைமேல் ஈட்டிப் போட்டி நடத்தும் அளவுக்கு அது போயிற்று. மாளிகைச் சுவர்களுக்கு ஆயுதம் தேவைப்பட்டது. பட்டறைகள் செய்து கொடுத்தன. மூனிக்கின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் போன்றவர்கள் நகல் என்று சொல்லியே விற்றார்கள். அந்த நகல்களுக்கே இன்று நூறாண்டுத் துரு ஏறிவிட்டது. கை மாறக் கைமாற நகல் என்ற சொல் மட்டும் உதிர்ந்துவிட்டது.

1857-ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டு தேம்ஸில் 72 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சாக்ஸ் கத்தி கிடைத்தது. அலகில் ரூன் எனும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் 28-உம் பியாக்னோத் என்ற பெயரும் கம்பி பதித்து எழுதப்பட்டிருந்தன. 10-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று கணித்திருக்கிறார்கள். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஆண்டு, அதே ஆற்றின் பேரைச் சொல்லி, பில்லி, சார்லி என்ற இரண்டு லண்டன்வாசிகள் ஈயத்தில் வார்த்த இடைக்காலச் சின்னங்களை விற்கத் தொடங்கினார்கள். ஷாட்வெல்லில் கப்பல்துறை தோண்டும்போது கிடைத்ததாகக் கதை. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்னங்களில் இருந்த எழுத்துகளுக்குப் பொருளே கிடையாது. 11-ஆம் நூற்றாண்டைக் குறிக்கும் ஆண்டுகளை நாம் இன்று எழுதும் எண்களில் பொறித்திருந்தார்கள். இந்தியாவில் பிறந்து அரபுகள் வழியாகப் போன அந்த எண்கள் அன்றைய லண்டனில் புழக்கத்திலேயே இல்லை. அறிஞர்கள் சிலரே அதைக் கவனிக்காமல் ஏமாந்தார்கள். பொருளின்மேல் ஆசை கூடினால் கண்ணுக்கு எதிரே இருப்பதும் தெரியாமல் போகிறது. அதை நானும் அறிவேன்.

வெறும் கண்ணாலும் ஓரளவு பார்க்கலாம். உண்மையான பழந்துரு ஒரே சீராக இருக்காது. ஓர் இடத்தில் ஆழக் குழி, பக்கத்தில் கறுத்த வழவழப்பு, இன்னோர் இடத்தில் அடுக்கு அடுக்காக உரியும் தோல். அமிலத்தில் முக்கி எடுத்த துரு அம்மைத் தழும்புபோல எங்கும் ஒரே ஆழத்தில், ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பூதக்கண்ணாடியில் நேர்க்கோடுகள் இணையாக ஓடினால் இயந்திரச் சாணை. துருப்பிடித்த அலகில் பளபளக்கும் பிடி இருந்தால் இரண்டும் ஒன்றாக வாழ்ந்தவை அல்ல. உறையில் அலகு ஆடினாலும் இதே சந்தேகம்தான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓராண்டாவது எதையும் வாங்காதீர்கள், பாருங்கள். லண்டனின் வாலஸ் சேகரிப்பிலும் லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் ஆயுதப் படங்களை இணையத்தில் நல்ல அளவில் வைத்திருக்கிறது. அங்கே உண்மையான பிடிகளை நூறு முறை பார்த்த கண்ணுக்குப் போலி எங்கோ உறுத்தும். பிறகு வாங்கும்போது எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து யாருக்கு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். தேம்ஸ் கரையில் தேடுவதற்கே லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கண்டெடுத்தால் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் வரும் "தேம்ஸ் குத்துவாள்" எங்கிருந்து வந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் அதன் விதிகளில் வருகின்றன. பணம் கட்டுவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது.

வீட்டுக்கு வந்தபின் மெருகு போடவே போடாதீர்கள். வயதைச் சொல்லும் மேல்தோலைத் தேய்த்தெடுத்துவிட்டால் திரும்ப வராது. கையுறை போட்டுத் தொடுங்கள். விரலின் உப்பு இரும்பில் ரேகையாகவே துருப்பிடிக்கும். இரும்பு வறண்ட காற்றை விரும்பும், மரமும் தோலும் வறண்டால் வெடிக்கும். அதனால் மரப்பிடியோடு உள்ள குத்துவாளைக் காப்பது வெறும் அலகைக் காப்பதைவிடக் கடினம். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊர்களில் மூடிய பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் ஓர் ஈரப்பத மானியும் இல்லாமல் முடியாது. அலகில் ஆரஞ்சு நிறத் துளிகள் வேர்வைபோலத் தோன்றினால், உள்ளே உப்பு இருக்கிறது, துரு இன்னும் நடக்கிறது என்று பொருள். வீட்டு வைத்தியம் பார்க்காமல் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

என் குத்துவாளோடு வந்த பழைய சீட்டை நான் எறியவில்லை. அதற்குப் பின்னால் ஓர் அட்டையைச் செருகி வைத்திருக்கிறேன். அதில் இப்படி எழுதியிருக்கிறேன்:

அலகு: ஒற்றைக்கூர், முக்கோண வெட்டுமுகம். 15-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம். வால் நடுவில் ஒட்டு (எக்ஸ்ரேயில் தெரிந்தது).
தட்டுகள்: பித்தளை, துத்தநாகம் 37 சதவீதம். இடைக்காலத்தவை அல்ல, 19-ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்கலாம்.
பிடி: கறுப்பு மை ஏற்றிய மரம். தட்டுகளின் காலமே.
உறை: இல்லை.
கிடைத்த இடம்: விற்றவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.